சேவலில் ஏறியது, எலியில் இறங்கியது

மாரடைப்பு ஆண்களை நடுவயதிலேயே தாக்குகிறது. பெண்களையோ மாதவிடாய் நிற்கும் வரை பெரும்பாலும் விட்டுவைக்கிறது. இது ஏன்? பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைக் குறைப்பதுதான் காரணமோ என்று அறிவியலார் ஐயுற்றனர். கொலஸ்டிரால் தமனிகளைக் கெடுக்கும் என்பதை ரஷ்ய நாட்டு அனிச்கோவ் 1913-இல் முயல்களுக்கு அதனை ஊட்டிக் காட்டியிருந்தார்.

சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் என்ன ஆகும்? கொலஸ்டிரால் குறைவதில்லை, ஏறுகிறது! இரத்தநீர் பால்போல வெளுத்துவிடுகிறது. காரணம் கோழி வளர்ப்போருக்கு எளிதில் விளங்கும். எங்கள் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. ஆயினும், முட்டையின் சத்தெல்லாம் கோழியின் உடம்பிலிருந்தே போகிறது என்று என் தாயார் சொல்வார்கள். அது முற்றிலும் உண்மை. முட்டையிடும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏவ, கல்லீரல் கொழுப்பையும் புரதத்தையும் ஆக்கி இரத்தத்தில் விடுகிறது. சூலகம் அவற்றை வாங்கி மஞ்சள் கருவில் சேர்க்கிறது. சேவலின் கல்லீரலும் அதே ஆணைக்குப் பணிகிறது. ஆனால் வாங்கிக்கொள்ளச் சேவலிடம் சூலகம் ஏது?

1952-இல் சிக்காகோவில் பிக், ஸ்டாம்லர், கட்ஸ் முதலியோர் கொலஸ்டிரால் ஊட்டிய கோழிக்குஞ்சுகளுக்கு ஈஸ்ட்ரோஜன் தந்தனர். இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தே இருந்தும் இதயத்தின் கரோனரித் தமனிகள் தப்பின, பெருந்தமனி தப்பவில்லை. இது என்னை மிகவும் சிந்திக்க வைத்த சோதனை.

எலியின் கதை நேர் எதிரானது. எத்தினைல் ஈஸ்ட்ரடயாலை மிகுந்த அளவில் செலுத்தினால் அதன் கொலஸ்டிரால் சரிகிறது. கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் எலியின் கல்லீரலில் பெருகுவதை 1979-இல் கோவனன், பிரவுன், கோல்ட்ஸ்டீன் கண்டனர். பின்னிருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

அப்படியானால் மனிதன் சேவலா, எலியா? அமெரிக்காவில் மாரடைப்பு கண்ட ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தனர். மிகுந்த அளவு பெற்றவர்களிடம் மாரடைப்பு கூடவே, அது 1970-இல் நிறுத்தப்பட்டது. குறைந்த அளவும் பயன் தராமல் 1973-இல் கைவிடப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வும் 2002-இல் இடையில் நின்றது. அவர்களுக்கு எல்.டி.எல். குறையத்தான் செய்தது, மாரடைப்பு குறையவில்லை. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஆக்குவதும் அதே கல்லீரல்தானே! வாய்வழி உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் அவற்றில் சிலவற்றையும் கூட்டிவிடுகிறது.