மண்ணும் மரபும் நோயும்

ஒரே நோய் ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் அருகியும் காணப்படுவது ஏன்? புற்றுநோயை ஆராய்வோர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா இது.

யாருக்கு, எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது என்று ஊர்வாரியாக எழுதிவைக்கும் பதிவேடு நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கியது. பின்னர்ச் சென்னை, தில்லி முதலிய நகரங்களிலும் பதிவேடுகள் ஏற்பட்டன. அவற்றை ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியிலும் தில்லியிலும் மிகுதி, சென்னையில் குறைவு. இரைப்பைப் புற்றுநோயோ தில்லியைவிடச் சென்னையில் மிகுதி. மிசோரத்தின் ஐசால் பகுதியில் அது நாட்டிலேயே மிக உயர்ந்த அளவில் உள்ளது. அங்குப் புகையிலைப் புகையைத் தண்ணீருள் செலுத்தி, அந்நீரை வாயில் அடக்கிக்கொள்வர். அவ்வழக்கமும் புகையூட்டிய இறைச்சியும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆனால் பதிவேட்டை அப்படியே நம்பிவிடலாகாது. மருத்துவமனை எட்டாத ஊரில் நோய் குறைவாகத் தோன்றும். உண்மையில் அது கணக்கில் வராத நோய்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் வாழும் மண்ணா, பிறந்த மரபா? ஓரூரிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்வோரைக் கொண்டு இதனை அறிதல் அரிது. அவர்களிடம் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. விடை தந்தவர்கள் குடிபெயர்ந்தோரே.

1885 முதல் ஜப்பானியர் பலர் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தொழிலாளராகச் சென்றனர். அவர்தம் தாய்நாட்டில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி; உப்பு மிகுந்த உணவும், இரைப்பையில் தங்கும் ஒருவகை நுண்ணுயிரும் அதற்குத் துணைசெய்தன. குடியேறியோரைவிட, ஹவாயில் பிறந்த அவர்தம் பிள்ளைகளிடம் அந்நோய் மேலும் குறைந்தது. ஆனால் ஜப்பானில் அருகியிருந்த பெருங்குடல் புற்றுநோய் அவர்களிடம் பெருகியது. குருதி மாறவில்லை, உணவும் வாழ்க்கையும் மாறின.

அதனால் மரபுக்குப் பங்கே இல்லை என்று கூறிவிட இயலாது. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதருள் ஏறத்தாழ 40 பேரில் ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பை மிகுவிக்கும் மரபணு மாற்றத்துடன் பிறக்கிறார். தென்சீனத்துக் காண்டன் பகுதியினரிடம், மூக்கின் பின்புறம் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் மிகுதி. அமெரிக்காவில் குடியேறிய பின்னும் பிறரைவிட அவர்களிடம் அது மிகுதியே. எனினும் அங்குப் பிறந்த தலைமுறையில் குறைகிறது. மரபும் மண்ணும் இங்குச் சேர்ந்தே செயற்படுகின்றன.

மாணவர்களே! தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளை தஞ்சையிலோ மதுரையிலோ வாழ்ந்த பாட்டனாரின் மரபணுக்களைத் தாங்கி, யமுனைக் கரையின் நீரையும் காற்றையும் உட்கொள்கிறது. ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்ட மருத்துவர், ‘இங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின?’ என்றும் கேட்பது இதனால்தான்.