சுருள் கூந்தலும் மணப்பாறைத் தண்ணீரும்

வழுக்கை விழுந்த தலையை வைத்துக்கொண்டு கூந்தலைப் பற்றி எழுதப் புகுந்தால் நம் பங்கு இளைஞர் நகைப்பர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் எழுத வேண்டிய நிலைமை ஏற்பட்டுவிட்டது.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் தாய் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். மகள் கல்லூரிப் படிப்பை முடித்தவள். இடுப்பைத் தொடும் கூந்தல், அத்தனையும் சுருள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன் கூந்தல் படிந்திருக்க வேண்டும் என்பதற்காக, திருச்சியில் ஓர் அழகு நிலையத்தில் மருந்திட்டு முடியை நேராக்கப் பல ஆயிரம் ரூபாய்க்குப் பேசி வைத்திருந்தார் தாய். மகளுக்கு அதில் விருப்பமில்லை. "சின்ன வயசிலிருந்தே முறுக்கு, முறுக்கு என்று கேலி, சாமி. வாரினால் வைக்கோற்போர் மாதிரி நிற்கிறது. நேராக்கிவிட்டால் நிம்மதிதானே?" என்றார் தாய். மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணப்பாறையில் சுருள்முடியோடு பிறந்த பெண்ணுக்கு முறுக்கு என்னும் கேலி தப்பாது. அம்முறுக்கோ 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. இவ்வூர் நீரிலுள்ள மெல்லிய உவர்ப்பே அதன் சுவைக்குக் காரணம் என்று தொழில் செய்வோர் சொல்வர். முறுக்குக்கு நன்மை செய்யும் அதே நீர்தான் அப்பெண்ணின் கூந்தலுக்குத் தீங்கு செய்துகொண்டிருந்தது!

இது பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுதி. இத்தகைய கடின நீரில் சோப்பைத் தேய்த்தால் அது நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து, வெண்மையான பிசுக்காய் முடியின்மேல் படிகிறது. முடி சொரசொரத்துப் போகிறது. நேரான முடி இதை ஓரளவு தாங்கும், சுருள்முடி தாங்குவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. சுருள்முடியின் வேர்ப்பை வளைந்திருப்பதால் முடியும் வளைந்தே வெளிவருகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை எளிதில் இறங்கிவிடும்; சுருளின் வளைவுகளிலோ பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆகவே சுருள்முடி இயல்பிலேயே வறண்டது. அவ்வறட்சியைத் தாய்மார் பலர் அடங்காமை என்று எண்ணிக்கொண்டு, உலர்ந்த முடியில் சீப்பை இழுக்கிறார்கள். சுருளாய்ச் சேர்ந்திருந்த இழைகள் சிதறிப் பறக்கின்றன. பலவும் அறுந்து சீப்போடு வந்துவிடுகின்றன.

நம் முன்னோர் சுருளைக் குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை. கூந்தலை ஐம்பால் என்று ஐவகையாகப் பிரித்த உரையாசிரியர்கள் சுருள் என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். ஆற்று மணலில் நீரோடிய வரிகளை அறல் என்பர். அதைக் கூந்தலுக்கு உவமையாக்கியது சங்கப் பாட்டு. காவிரி மணலைக் கண்டவர்க்கு அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். அண்மைக் காலத்தில் 2015இல் வெளிவந்த 'பிரேமம்' என்னும் மலையாளத் திரைப்படத்தின் மேரியைக் கண்டு, நேர்முடிக்காரப் பெண்களும் சுருள் வைத்துக்கொள்ள விரும்பியதை நாமே கண்டோம். உலக வழக்கு அவ்வளவு விரைவில் மாறிவிடுகிறது!

அன்று அத்தாயிடம் நாம் கேட்டது ஒன்றே: மூன்று மாதம் பொறுக்க முடியுமா என்றோம். பின்னர், செவிலியராயிருந்து ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவரையும் நம் சமையற்காரம்மாவையும் விசாரித்து, அவர்கள் சொன்னவற்றை அம்மகளிடம் சொன்னோம்.

சோப்பை விட்டு அரப்புக்கு மாறுவதே முதல் வேலை. உசிலை மரத்து இலையை உலர்த்தி இடித்த தூள் அது. கடின நீரிலும் பிசுக்காய்த் திரியாது. முடியை வழுவழுப்பாக விடும். சீயக்காயும் அவ்வாறே திரியாதெனினும் சற்று வறட்டும். ஆகையால் வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது நல்லது. குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தேங்காய் எண்ணெயை நுனிவரை தடவ வேண்டும். அவ்வெண்ணெய் முடியின் உள்ளே புகுந்து புரத இழப்பைக் குறைப்பதாக 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாட்டிமார் ஆய்வின்றியே அறிந்திருந்தனர். கடைசியாக அலசும் நீர் காவிரிக் குழாய் நீராகவோ மழைநீராகவோ இருக்கட்டும். அதற்கு வழியில்லையேல் ஒரு வாளி நீரில் அரை எலுமிச்சம் பழத்தைப் பிழிந்துகொள்ளலாம்.

சிக்கெடுப்பது ஈரமாய் இருக்கும்போது மட்டுமே. அதுவும் நுனியில் தொடங்கி மேலேறி, முதலில் விரலால், பிறகு அகன்ற பற்களையுடைய சீப்பால். முடி உலர்ந்தபின் சீப்பைத் தொடவே கூடாது. அம்மகளுக்கு இதுதான் கடினமாயிருந்தது. பதினைந்து ஆண்டுப் பழக்கம் அல்லவா!

இனி, சுருள் கலையாமல் நிற்கும் வழி. முடியின் உட்பிணைப்புகளுள் ஒருவகை, நீர் பட்டால் அவிழ்ந்து, உலரும்போது மீண்டும் பிணையும். எவ்வடிவில் உலர்கிறதோ அவ்வடிவிலேயே நிற்கும். ஆகவே ஈரக் கூந்தலுக்கு வழுவழுப்பான பூச்சு ஒன்று வேண்டும். செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த சாறு போதும். அல்லது இரண்டு கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்து, காலையில் சற்றே கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளலாம். நீர் சொட்டும் கூந்தலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இதைத் தடவி, ஒவ்வொரு பகுதியையும் விரலில் சுற்றி விட வேண்டும். பின் நுனியை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி மெல்லக் கசக்க வேண்டும். துவாலையால் தேய்க்காமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி, நிழலில் காயவிட வேண்டும். காயும் வரை கை படலாகாது. காய்ந்தபின் விறைப்பாகத் தோன்றினால் கையால் இலேசாக அமுக்கினால் தளரும். நீண்ட கூந்தலின் பாரம் மேற்பகுதிச் சுருளை இழுத்துத் தட்டையாக்கும். எனவே உறங்கும்போது உச்சியில் தளர்வாக முடிந்துகொள்வது நன்று. பள்ளிச் சிறுமியர்க்கு இரட்டைச் சடை தவிர்க்க இயலாதது. ஈரத்தோடு, நெற்றி முடியை இறுக்கி இழுக்காமல் பின்னிவிடுங்கள். நாள்தோறும் இறுக்கினால் முன்நெற்றி ஏறிவிடும்.

நேராக்கும் மருந்தைப் பற்றியும் தாய்மார் அறிய வேண்டும். அது முடியிலுள்ள கந்தகப் பிணைப்புகளையே உடைக்கிறது. வளரும் புதுமுடியோ சுருளாகவே வரும். ஆகவே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சிலவகை மருந்துகள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். அது புற்றுநோய் விளைவிப்பது. அமெரிக்காவில் 33,947 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. நேராக்கும் மருந்தை ஒருபோதும் இடாதவருள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு என்றும், அடிக்கடி இட்டவருள் 4.05 விழுக்காடு என்றும் அது கணித்தது. மருந்தே காரணம் என அது மெய்ப்பிக்கவில்லை, தொடர்பையே காட்டியது. எனினும் நமக்கு அதுவே போதும்.

வேளாங்கண்ணியில் மொட்டையடித்தால் சுருள் போய்விடும் என்று அத்தாய்க்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. நேர்த்தி நேர்த்தியாக இருக்கட்டும். வேர்ப்பை மாறாதவரை முடியின் வடிவம் மாறாது.

மூன்று மாதம் கழிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை. ஆனால் அழகு நிலையத்திற்கு எடுத்துவைத்த பணத்தில் மகளுக்குக் கணினிப் பயிற்சிக்குக் கட்டணம் கட்டிவிட்டதாகத் தாய் சொன்னார். மகளோ, வெந்தயச் சாறு மறுநாளே புளித்துவிடுகிறதே என்று கேட்டாள். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே வடித்துக்கொள்ளும்படியும், மிஞ்சிய வெந்தயத்தை அன்றைய புளிக்குழம்பில் போட்டுவிடும்படியும் நம் சமையற்காரம்மா சொல்லியனுப்பினார்.