முள்ளிச்செடிக்கும் முத்தி

உயிரும் இறைவனும் பிரிவற்றவை என்று கூறும் அத்துவைத நெறிகளில், முத்தி என்பது என்ன என்பதைவிட அதை அடைபவர் யார் என்பதே விடை காண அரிய கேள்வியாக இருந்துவருகிறது. பிரமம் ஒன்றே மெய், உயிர் என்று சொல்லப்படுவதும் அதுவே என்று கொள்ளும் சங்கரர் வழி வேதாந்தத்தில் ஞானம் புதிதாக வந்து சேர்வதன்று. அறியாமை விலகினால் என்றும் உள்ளது விளங்குகிறது, அவ்வளவே. ஆகவே முடிந்த முடிவில் கட்டுண்டவனும் இல்லை, விடுபட்டவனும் இல்லை என்று மாண்டூக்கிய காரிகையில் கௌடபாதர் சொல்லிவிடுகிறார். தருக்கத்திற்கு இது பொருந்துகிறது. ஆனால் விறகு சுமப்பவனும் கோயில் பூசகனும் ஒரே ஊரில் இருவேறு தெருக்களில் வாழும்போது, ஞானம் இவர்களில் யாருக்கு உரியது என்ற கேள்வி அந்த விடையால் ஓய்ந்துவிடுவதில்லை. அதை விடாமல் பற்றிக்கொண்டு, விடைகளைப் பெரும்பாலும் கதைகளாகவே சொல்லிவைத்த நிலப்பகுதி இன்றைய கடலூர் மாவட்டம்.

சைவ சித்தாந்தத்தின் குருமரபில் சந்தானக் குரவர் எனப் போற்றப்படும் நால்வரும் இப்பகுதியோடு தொடர்புடையவர்கள். அவர்களில் முதல்வரான மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பெண்ணாகடத்தில் பிறந்து, திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து, 12 சூத்திரங்களே கொண்ட சிவஞானபோதத்தை அருளினார். உயிரும் சிவமும் ஒரே பொருள் என்றும் அவர் கொள்ளவில்லை, தனித்தனியே நிற்பவை என்றும் கொள்ளவில்லை. கதிரவன் ஒளியோடு கலந்துதான் கண் காண்கிறது. அப்போது கண்ணின் ஒளி எது, கதிரின் ஒளி எது என்று பிரித்தறிய முடிவதில்லை, எனினும் கண் கதிராகிவிடுவதும் இல்லை. முத்தியில் உயிரின் நிலையும் இத்தகையதே என்பது சித்தாந்தத்தின் விளக்கம். அப்படியானால் அடைபவர் யார் என்ற கேள்விக்கு இங்கே நேரான விடை உண்டு: உயிர்தான் அடைகிறது, அடைந்த பின்னும் அது இருக்கிறது.

அதைத் தடுத்து நிற்பது ஆணவ மலம். செம்பில் களிம்புபோல உயிரோடு தொடக்கம் இல்லாமலே சேர்ந்திருந்து அதன் அறிவை மறைப்பது இதுவென்றும், வினையாகிய கன்மமும் உடலையும் உலகையும் தரும் மாயையும் இதற்கு அடுத்தவை என்றும் நூல்கள் கூறுகின்றன. நல்வினை தீவினைப் பயன்களை உயிர் ஒன்றுபோல் நோக்கும் இருவினையொப்பு, மலம் தன் ஆற்றல் குன்றும் பக்குவமாகிய மலபரிபாகம், அதன்பின் திருவருள் பதிவதாகிய சத்திநிபாதம் என்ற இந்த வரிசையில் சாதியோ கல்வியோ வயதோ எங்கும் நிபந்தனையாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடலோடு இருக்கும்போதே ஞானம் பெற்ற சீவன்முத்தர்கூட அடியார் கூட்டத்தை விட்டு விலகுவதில்லை. அடியாரையும் திருக்கோயிலையும் சிவமாகவே கண்டு வழிபடுமாறு சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம் அவரைப் பணிக்கிறது.

இக்கோட்பாட்டின் கூர்மையை நூல்களைவிட மரபுக் கதைகளே நன்றாகக் காட்டுகின்றன. பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருத்துறையூரைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், மெய்கண்டாரின் தந்தைக்கே குலகுருவாக இருந்தவர். சகலாகம பண்டிதர் என்ற பெயர் பெற்றவர். சிறுபிள்ளை ஒன்று மாணவர்களுக்கு ஞானம் கற்பிப்பதைக் கேள்வியுற்று வந்த அவர், ஆணவத்தின் வடிவம் யாது என்று செருக்கோடு கேட்க, மெய்கண்டார் வாய் திறவாமல் கேட்டவரையே மேலும் கீழும் நோக்கினார் என்றும், அவ்விடத்திலேயே அருணந்தியார் பிள்ளையின் காலில் விழுந்து சீடரானார் என்றும் கதை செல்கிறது. ஆகமம் அனைத்தும் கற்றவர் கேள்வியாகவே நிற்க, அதற்கு விடையை அறிந்தது ஒரு குழந்தை.

நால்வரில் இறுதியானவர் உமாபதி சிவாசாரியார். தில்லை வாழ் அந்தணருள் ஒருவராகிய இவர் பகலிலும் தீவட்டி பிடிக்கப் பல்லக்கில் சென்றபோது, நால்வரில் மூன்றாமவரான மறைஞான சம்பந்தர் அந்தக் கோலத்தை எள்ளிச் சொன்ன சொல்லில் ஞானம் பிறந்து அவர் பின்னே நடந்தார் என்பர். நெசவாளரிடம் குரு வாங்கிப் பருகிய பாவுக் கஞ்சியில் வழிந்ததைத் தாம் ஏந்திக் குடித்ததற்காகத் தம் இனத்தாரால் விலக்கப்பட்டு, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் மடம் அமைத்துக்கொண்டார். அவருடைய சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அதாவது கி.பி. 1313 என்று தன் காலத்தைத் தானே குறிப்பதால், அவர் வாழ்ந்த காலம் ஐயமின்றித் தெரிகிறது.

அம்மடத்துக்கு விறகு கொண்டுவந்து தந்தவர் தீண்டாமைக்கு ஆளான குலத்தில் பிறந்த பெற்றான் சாம்பான். இவருக்குத் தீக்கை அளித்து முத்தி தருமாறு இறைவனே எழுதியனுப்பியதாகச் சொல்லப்படும் சீட்டுக்கவியோடு அவர் வந்து நிற்க, உமாபதியார் அவ்வாறே செய்ய, அவர் சோதியில் கலந்தார். சாம்பானை எரித்துக் கொன்றுவிட்டதாக அரசனிடம் முறையீடு போயிற்று. உமாபதியார் தம் திருமஞ்சன நீர் பாய்ந்த முள்ளிச்செடிக்கு அரசன் கண்முன்னே முத்தி அளித்து வழக்கை முடித்தார் என்பது மரபு. இதை வரலாறு என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கல்வி, குலம், மனித உடல் ஆகிய மூன்றையும் தகுதிப் பட்டியலிலிருந்து ஒரே கதையில் நீக்கிவிட்ட துணிவு அதைச் சொன்னவர்களுடையது.

அதே தில்லை, சாம்பானைப் போலவே தீண்டாமைக்கு ஆளான குலத்தில் பிறந்த நந்தனாரிடம் அவ்வளவு தாராளமாக இல்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் ஆதனூர்த் திருநாளைப்போவார் எனப்படும் அவர் தீயில் மூழ்கி, பூணூலும் சடைமுடியும் கொண்ட முனிவராக எழுந்த பின்னரே சபைக்குள் சென்று மறைகிறார். மலம் நீங்குவதே தகுதி என்ற கோட்பாட்டின்படி அந்தப் பூணூலுக்கு அங்கே வேலை இல்லை. தீயில் எரிந்தது நந்தனாரின் மலமா, ஊராரின் மலத்துக்கு அவர் கொடுத்த விலையா என்று கேட்பவர்களைக் குறைகூற இயலாது. சிற்சபையில் வெளியே கறுப்பும் உள்ளே சிவப்புமான திரையை விலக்கினால் தெரிவது, வெறும் வெளியில் தொங்கும் பொன் வில்வமாலை மட்டுமே. அந்தச் சிதம்பர ரகசியத்தைக் காண, அவர் குலத்தில் பிறந்தவர்கள் நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1823இல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள் இக்கேள்வியை வேறு இடத்துக்கு நகர்த்தினார். வடலூரில் 1867இல் பசித்தவருக்குச் சோறிடும் தருமசாலையையும், 1872இல் எண்கோண வடிவில் சத்திய ஞான சபையையும் நிறுவிய அவர், எல்லா உயிரையும் தம்முயிர்போல் எண்ணும் சீவகாருணியமே வீட்டின் திறவுகோல் என்றார். ஞான சபையில் சோதியை மறைத்துக் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகள் உள்ளன. தைப்பூசத்தன்று ஏழும் விலக்கப்படுகின்றன. சபைக்குள் புக அவர் விதித்த நிபந்தனை கொலையும் புலாலும் தவிர்த்திருப்பதே, பிறப்பன்று. சித்தாந்தம் அகத்தில் வைத்த தகுதியை அவர் பிறரோடு நடந்துகொள்ளும் ஒழுக்கத்தில் வைத்தார். மூன்று விடைகளில் சோதித்துப் பார்க்கத்தக்கது இதுவே.

நந்தனாருக்குரிய விடை கடைசியில் பள்ளிக்கூடமாக வந்தது. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, கரபாத்திர சுவாமிகளிடம் வேதாந்தம் கற்றுத் துறவு பூண்ட சுவாமி சகஜானந்தர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வியும் விடுதியும் அளித்தார். பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்து 1959இல் மறைந்தார். சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் அரசுப் பள்ளி இன்றும் நடைபெறுகிறது.