டிஸ்கஸ் தொட்டிக்கு எந்த சக்கர் மீன்?

"டிஸ்கஸ் தொட்டியில பாசி பிடிக்குதுங்க, ஒரு சக்கர் வாங்கிப் போட்டுடட்டுமா?"

உடுமலையில் மீன் வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே வரியில் பதில் சொல்லலாம்: பெரிய சக்கர் வேண்டாம், பிரிசில்நோஸ் போடுங்க. ஆனால் காரணம் தெரியாமல் கேட்ட பதில் கடை வாசலைத் தாண்டியதும் மறந்துபோகும். எனக்கே அப்படித்தான் மறந்துபோச்சு. அதனால் காரணத்தோடு எழுதி வைக்கிறேன்.

நான்கு டிஸ்கஸ் வாங்கி ஒரு மாதம் ஆனபோது கண்ணாடியில் பழுப்புப் பாசி படர ஆரம்பித்தது. கடையில் இரண்டு அங்குலம் இருந்த ஒரு கறுப்பு மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். "டேங்க் கிளீனருங்க. பாசியையும் கழிவையும் தின்னுக்கும். தனியா இரை போட வேண்டியதே இல்லீங்க" என்றார் கடைக்காரர். முதல் சில மாதங்கள் அவர் சொன்னபடிதான் நடந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஒரு வருஷத்தில் அந்த மீன் ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது.

அப்புறம்தான் பெரிய டிஸ்கஸின் பக்கவாட்டில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு வெளிறிய திட்டு தெரிந்தது. நோய் என்று நினைத்தேன். கல் உப்பு போட்டேன், சூட்டை ஒரு டிகிரி ஏற்றினேன். ஆறியது. பத்து நாளில் இன்னொரு பக்கம் வந்தது. ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் சும்மா டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்கஸ் அசையாமல் தூங்குகிறது. அதன் விலாவில் அட்டை மாதிரி சக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் பட்டதும் நழுவிக் கட்டைக்குப் பின்னால் போய்விட்டது.

அந்த வழவழப்பு எதற்கு?

எல்லா மீன்களுக்கும் உடம்பின் மேல் வழவழப்பான சளிப்படலம் உண்டு. கிருமியும் ஒட்டுண்ணியும் உள்ளே புகாமல் தடுக்கும் முதல் வேலி அது. டிஸ்கஸுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதன் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்து நீந்த ஆரம்பித்ததும் தாய், தகப்பன் இரண்டின் உடம்பையும் கொத்தி அந்தப் படலத்தைத்தான் தின்னும். 2010-ல் பிரிட்டனில் உள்ள பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக அளந்து வெளியிட்டார்கள். முட்டையிட்ட ஜோடியின் படலத்தில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. முதல் இரண்டு வாரம் பெற்றோர் குஞ்சுகளோடே நிற்கின்றன. அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க் குஞ்சுகளைத் தாமாக இரை தேட வைக்கின்றன. ஏறக்குறைய பால்குடி மறக்கடிக்கிற மாதிரிதான்.

டிஸ்கஸ் உடம்பின் மேல் இருப்பது ஒரு குஞ்சையே வளர்த்துவிடக்கூடிய சத்துள்ள உணவு. அது பசியோடு இருக்கும் சக்கருக்கு மட்டும் தெரியாமல் போகுமா?

சக்கர் வேண்டுமென்றே தாக்குவது கிடையாது. அதன் வாய் அடிப்பக்கம் உறிஞ்சுகுழல் மாதிரி இருக்கும். தட்டையாக எது கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு நுண்ணிய பற்களால் சுரண்டும். அது இரவில் மேயும் மீன். டிஸ்கஸோ இரவில் அசையாமல் நிற்கும், உடம்பும் தட்டு மாதிரி தட்டை. சக்கர் வளர வளர கண்ணாடிப் பாசி அதன் வயிற்றுக்குப் பத்தாது. "தனியா இரை போட வேண்டியதில்லை" என்ற அந்த ஒரு வாக்கியம்தான் என் தொட்டியில் நடந்த எல்லாவற்றுக்கும் மூலம்.

எது சரிப்படும், எது சரிப்படாது

டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் ஆடி மாதத்தில் நம்ம ஊரில்கூட ஹீட்டர் இல்லாமல் இது நிற்காது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். அதனால் துணை மீனுக்கு மூன்று தகுதி பார்க்கணும்: இந்தச் சூட்டைத் தாங்கணும், சின்னதாகவே இருக்கணும், டிஸ்கஸ் மேல் வாய் வைக்காமல் இருக்கணும்.

பெரிய சக்கர்: நம்ம கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்பது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் இனம். தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்தி. சூட்டைத் தாங்கும். ஆனால் ஒன்றரை அடி வரை வளரும். வேண்டாம்.

கோல்டன் சக்கர்: பொன் நிறத்தில் அழகாக இருக்கும். இது கெளுத்தியே கிடையாது, சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்ற தென்கிழக்கு ஆசிய மீன். குட்டியில் பாசி தின்னும். வளர்ந்தால் முரடாகி, தட்டையான மீன்களின் மேல் ஒட்டுவதில் பெரிய சக்கரையே மிஞ்சிவிடும். டிஸ்கஸோடு கூடவே கூடாது.

ஓட்டோசின்க்ளஸ்: ஒன்றரை அங்குலக் குட்டிக் கெளுத்தி. சாது. ஆனால் 22 முதல் 26 டிகிரிதான் அதற்கு இதம். பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருவதால் பட்டினியோடு வந்து சேரும், பாசி முதிராத தொட்டியில் ஒவ்வொன்றாகச் சாகும். பசித்தால் இதுவும் டிஸ்கஸைச் சுரண்டியதாகப் பல வளர்ப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ரப்பர் லிப்: பாசியை நன்றாகத் தின்னும். ஆனால் குளிர்ந்த, வேகமாக ஓடும் நீரின் மீன். டிஸ்கஸ் சூட்டில் திணறும்.

கோரிடோரஸ்: அடியில் விழுந்த இரையைப் பொறுக்கும் கெளுத்தி. பாசி தின்னாது. மிச்ச இரை அழுகாமல் இருக்க உதவும். அதில் ஸ்டெர்பை வகை டிஸ்கஸ் சூட்டை நன்றாகத் தாங்கும்.

பிரிசில்நோஸ்: ஐந்து அங்குலத்துக்குள் நிற்கும். 28, 29 டிகிரியில் காற்றுக்கல் ஓடினால் சௌகரியமாக இருக்கும். வளர்ந்த ஆணுக்கு மூக்கில் மீசை மாதிரி கிளை கிளையாக முளைக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு ஆண் போதும், இரண்டு போட்டால் இடத்துக்குச் சண்டை. இருக்கிறதில் டிஸ்கஸுக்குத் தோதானது இதுதான்.

கடையில் குட்டியாக இருக்கும்போது பெரிய சக்கரும் பிரிசில்நோஸும் ஒரே மாதிரி தெரியும். முதுகுத் துடுப்பைப் பாருங்க. பெரிய சக்கருக்கு அது பாய்மரம் மாதிரி அகலமாக, 10-க்கு மேல் கதிர்களோடு இருக்கும். பிரிசில்நோஸுக்கு ஏழெட்டுதான். தலையும் அகலமாகத் தட்டையாக இருக்கும். கண்ணாடியில் ஒட்டி நிற்கும்போது எண்ணிவிடலாம். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வாங்கியதும் நேராக டிஸ்கஸ் தொட்டியில் விடாதீங்க. ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்க. சேர்த்த பிறகு அதற்கென்று இரை போடுவது கட்டாயம். விளக்கை அணைத்த பிறகு வெள்ளரி, பூசணி, பசலைக்கீரை ஏதாவது ஒன்றைக் கொதிநீரில் முக்கி எடுத்து, கல் கட்டி அடியில் இறக்குங்க. மிச்சத்தைக் காலையில் எடுத்துடுங்க. சுரண்ட ஒரு மரக்கட்டையும் வேண்டும். வயிறு நிறைந்த சக்கர் டிஸ்கஸ் பக்கம் போகிற வாய்ப்பு ரொம்பக் குறைவு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடியில் மணலும் செடியும் இல்லாத வெறும் தொட்டியில் டிஸ்கஸ் வைத்திருந்தால் சக்கரே தேவையில்லை. எப்படியும் தினமும் தண்ணீர் மாற்றப் போகிறீர்கள். அப்போது ஸ்பாஞ்சால் ஒரு தடவை தேய்த்தால் வேலை முடிந்தது. பாசி வருவது அதிக வெளிச்சத்தாலும் மிச்ச இரையாலும். விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்தி, இரையை அளந்து போட்டாலே பாதி குறையும். சக்கர் பாசியைத் தின்றாலும் அதையே கழிவாகத் தொட்டியில்தானே விடும்!

வளர்ந்த சக்கரை என்ன செய்ய?

டார்ச் வெளிச்சத்தில் பார்த்த மறுநாள் சக்கரைப் பக்கெட்டில் போட்டுவிட்டேன். கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "ஒட்டுக்குளத்துல விட்டுடுடா, பொழச்சுக்கும். பாவம், கொல்லவா முடியும்?" என்றான் நண்பன். நல்ல மனசோடு சொன்னதுதான். நானும் பக்கெட்டை வண்டியில் மாட்டிவிட்டேன்.

அவன் சொன்ன "பொழச்சுக்கும்" என்ற வார்த்தைதான் என்னை நிறுத்தியது. பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். இந்த மீன் வெளிக்காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகவே மூச்சு வாங்கும். சாக்கடை மாதிரி ஆக்சிஜன் செத்த நீரிலும் கிடக்கும். கவசமும் முள்ளும் இருப்பதால் நம்ம விரால்கூட அதை எளிதில் விழுங்க முடியாது. முட்டையிட கரையில் வளை தோண்டும். சென்னை ஏரிகள், திருவனந்தபுரத்துக் கால்வாய், கொல்கத்தா சதுப்பு நிலம், ஆந்திர மீன் குட்டைகள் என்று எல்லா இடத்திலும் தொட்டியிலிருந்து வெளியேறி இது பெருகியிருக்கிறது. 2020-ல் வாரணாசி அருகே கங்கையிலேயே கிடைத்தது. வலையில் மாட்டினால் முள் சிக்கி வலை கிழியும், விற்கவும் ஆகாது.

ஒட்டுக்குளம், பெரியகுளம், செங்குளம் எல்லாம் தளி வாய்க்காலில் திருமூர்த்தி அணைத் தண்ணீர் பாயும் ஏழு குளங்களைச் சேர்ந்தவை. கரை எல்லாம் மண். ஒரு குளத்தில் விட்டது ஒரு குளத்தோடு நிற்காது, மண் கரையில் வளை தோண்டும் மீன் நெல்லுக்கும் தென்னைக்கும் நல்லதல்ல. வெளியூர் மீன் ஒரு நீர்நிலையை எப்படிப் பிடிக்கும் என்று நமக்குத் தெரியாததும் இல்லை. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க மீனைத்தான் இன்று அமராவதி அணை ஜிலேபி என்று வாங்கி வறுக்கிறோம். ஜிலேபியையாவது தின்ன முடிகிறது.

அதனால் பக்கெட்டைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். வாய்க்காலோடு சேராத ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில், நிரம்பி வழியாதபடி தண்ணீர் விட்டு, மேலே கம்பி வலை போட்டு வைத்திருக்கிறேன். அப்படி இடம் இல்லாதவர்கள் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கொடுங்க. யாரும் வாங்கவில்லை என்றால் கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலக்கி, கூடுதல் அளவில் மயக்கத்திலேயே முடித்துவிடும் வழி இருக்கிறது. கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் குளத்தில் விடுவதைவிட அது மேல்.

டிஸ்கஸின் திட்டு மூன்று வாரத்தில் முழுசாக ஆறிவிட்டது, உப்பும் போடவில்லை, மருந்தும் போடவில்லை. இப்போது அந்தத் தொட்டியில் ஒரு பிரிசில்நோஸ் இருக்கிறது. தோட்டத்து சக்கருக்கு இன்னும் பத்து வருஷ ஆயுள் இருக்கலாம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை அதற்குப் பூசணித் துண்டு போடப் போகிறேன். கடைக்காரர் "இரை போட வேண்டியதே இல்லீங்க" என்று சொன்ன மீன் அது.