கை மாறும் சமாதானம்

பாறசாலை, கேரளத்தின் தென்கோடி. சற்றுத் தூரம் போனால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை வந்த பிறகும் பெண் கொடுத்து எடுப்பது நிற்கவில்லை. சொத்துத் தகராறும் நிற்கவில்லை! இருவர் முகம் பார்க்காமல் இருந்தால் 'பிணக்கம்' என்பார்கள் எங்கள் பக்கத்தில். கோபம் ஒரு நாழிகையில் ஆறிவிடும். பிணக்கமோ வருடக்கணக்கில் வீட்டோடு குடியிருக்கும்.

வெளியூரில் வாழும் நம்மிடம் இது அதிகம். பணம் அனுப்பியவனுக்கு, தான் செய்தது பெரிதாகத் தெரிகிறது. ஊரில் இருந்து அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டவனுக்கு, தான் செய்தது. இரண்டுமே உண்மைதான்.

நானும் அண்ணனும் ஏழு வருடம் பேசவில்லை. பாகப்பிரிவினையில் ஒரு மதில், இரண்டு பலாமரம். காரணம் அவ்வளவே. லீவில் போனால் மதினி கண்ணில் படாமல் பின்வழியாக வீட்டுக்குள் போவேன்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் உருவானது. 1950-இல் அது வகுத்த திருவிருந்து ஆராதனை முறையில் ஒரு பழைய வழக்கத்துக்கு உயிர் கொடுத்தார்கள். அது சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் இருந்து வந்தது. போதகர் தொடங்கிவைக்க, ஒருவர் உள்ளங்கையை அடுத்தவர் தம் இரு கைகளுக்குள் வாங்கி, சமாதானத்தைக் கைக்குக் கை கொடுத்துக்கொண்டே போவார்கள். இது காணிக்கைக்கு முன்னால் வருகிறது. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன வரிசையும் அதுதான்: முதலில் சகோதரனிடம் போ, பிறகு வந்து காணிக்கை செலுத்து. அங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'உனக்கு அவன்மேல் குறை இருந்தால்' என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தாலே நீ எழுந்து போக வேண்டும். யார் பக்கம் நியாயம் என்ற கணக்கை அவர் கேட்கவேயில்லை. எனக்கு இது வெகுநாள் பிடிக்காத வசனம்.

கோபமே பாவம் என்பாரும் உண்டு. அது சரியல்ல. மாற்கு 3-இல் இயேசுவே கோபத்தோடு சுற்றிலும் பார்க்கிறார். அடிபடும் மனைவியிடம் போய் 'பொறுத்துக்கொள், சமாதானமாகு' என்று சபை மூப்பர்கள் புத்தி சொல்வதை நான் ஒப்பமாட்டேன். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. நான் பேசுவது மதில் கோபத்தைப் பற்றி. பொழுது சாயுமுன் அதை விட்டுவிடச் சொன்னார் பவுல். நாங்கள் ஏழு வருடப் பொழுதைச் சாயவிட்டோம்.

அந்த ஞாயிறு எங்கள் சபையில் பிந்திப் போனேன். கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். சமாதானம் வரிசையாக வந்தபோது திரும்பினால், பக்கத்தில் அண்ணன்! இருவருக்கும் தப்ப வழியில்லை. கையை நீட்டினேன். அண்ணன் கை காய்ப்பேறி, அப்பாவின் கை மாதிரியே இருந்தது. ஆராதனை வாசகம் எனக்கு வாயில் வரவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "லீவு எப்ப முடியும்?"

"புதன்கிழமை அண்ணா."

"அப்ப இண்ணைக்கு மத்தியானம் வீட்டுக்கு வா. மதினி சோறு வச்சிருப்பா."

மதில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பலாமரம் யாருக்கு என்பதும் முடிவாகவில்லை.