முகாமில் வேலை செய்பவர் நம்மவர். குத்தகை யார் பெயரில்?

இராணுவக் குத்தகை என்றதும் போர் விமானமும் பீரங்கியும்தான் பலரின் நினைவுக்கு வரும். 1991-ஆம் ஆண்டு தொடங்கிய லங்காவி லிமா கண்காட்சியைப் பார்த்தவர்கள், இது கோடீஸ்வரர்களின் வியாபாரம் என்று ஒதுங்கி விடுகிறார்கள். ஆனால், ஒரு முகாம் பீரங்கியை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பதில்லை. வீரர்களுக்குத் தினமும் காய்கறியும் மீனும் வேண்டும். புல் வெட்ட வேண்டும், கால்வாய் துப்புரவாக இருக்க வேண்டும், ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும். அலோர்ஸ்டார் கெப்பாலா பத்தாஸில் உள்ள ஆகாயப் படைக் கல்லூரிக்கும், சுங்கைப்பட்டாணி தரைப்படை முகாமுக்கும், லங்காவி கடற்படைத் தளத்துக்கும் இது பொருந்தும்.

இந்த வேலைகள் எதுவும் நம்மவர்களுக்குப் புதியவை அல்ல. பீடோங், பாடாங் செராய், லுனாஸ், கூலிம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்தவைதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் ஒரு லோரி, இரண்டு புல்வெட்டும் இயந்திரங்களோடு சொந்தத் தொழில் தொடங்கினார்கள். வேலை தெரியும், ஆள்பலமும் உண்டு. இல்லாதது தாளும் முத்திரையும்தான்.

பெயர் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு

அரசாங்கப் பதிவு பெற்ற நிறுவனம் குத்தகையை எடுக்கும். அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கும். 'அலி பாபா' என்று நாடே அறிந்த ஏற்பாடு இது. உழைத்தவரின் பெயர் எந்த ஆவணத்திலும் இராது. பணம் வரவில்லை என்றால் அவர் முகாமின் வாசலில் போய் நிற்க முடியாது. "உங்களை எங்களுக்குத் தெரியாதே" என்பார்கள். எத்தனை ஆண்டுகள் வேலை செய்தாலும் அனுபவச் சான்றும் அவருக்குக் கிடைக்காது. அடுத்த முறையும் அவர் பிறர் பெயரில்தான் உழைக்க வேண்டும்.

பூமிபுத்ரா நிறுவனங்களுக்கு ஒதுக்கீடும் விலைச் சலுகையும் இருப்பது உண்மை. ஆனால், எல்லாக் கதவுகளும் மூடியிருக்கவில்லை. யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது ஒவ்வோர் அறிவிப்பிலும் எழுதியிருக்கும். அதைப் படிக்காமலே "நமக்குக் கிடைக்காது" என்று விடுவது இரட்டை நட்டம்.

பதிவு எங்கே?

பொருள் விநியோகம், துப்புரவு போன்ற சேவைகளுக்கு நிதியமைச்சின் இ-பெரோலேஹான் தளத்தில் பதிய வேண்டும். கட்டுமானம், பழுதுபார்ப்பு வேலைகளுக்கு சிஐடிபி பதிவு தேவை; அதில் ஜி1 முதல் ஜி7 வரை தரங்கள் உண்டு. தற்காப்பு அமைச்சுக்கென்று தனிக் குறுக்குவழி எதுவும் இல்லை.

நிதியமைச்சின் பதிவு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். எஸ்எஸ்எம் பதிவு, வங்கிக் கணக்கறிக்கை, தொழிலாளர்களுக்கு இபிஎஃப், சொக்சோ கட்டிய விவரம் ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு விண்ணப்பம் சுலபம். எந்தத் தொழில் என்பதைக் குறிக்கும் 'கோட் பிடாங்' எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். எண் பொருந்தாவிட்டால் அந்தக் குத்தகையில் கலந்துகொள்ளவே முடியாது.

கொள்முதல் மூன்று வகை: நேரடிக் கொள்முதல், 'செபுட் ஹர்கா' எனப்படும் விலைப்புள்ளி, தெண்டர். சிறு தொழிலர் முதல் இரண்டில் தொடங்குவதே நல்லது. வகைகளுக்கான தொகை வரம்பை நிதியமைச்சு அவ்வப்போது மாற்றுவதால், புதிய சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வென்றபின் வரும் ஆபத்து

குத்தகை கிடைக்காமல் கெட்டவர்களைப்போல, கிடைத்துக் கெட்டவர்களும் உண்டு. ஓர் உதாரணம்: குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியானது. பழைய சம்பளத்தை வைத்து விலை போட்டவரிடம் பத்துப் பேர் வேலை செய்தால், மாதம் 2,000 வெள்ளி கூடுதல் செலவு. முதலாளியின் இபிஎஃப் பங்கு 13 விழுக்காடு சேர்ந்தால் 2,260 வெள்ளி. இரண்டு ஆண்டுகளுக்கு 54,240 வெள்ளி. இலாபம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

அரசாங்க அலுவலகங்கள் முறையான பில்லுக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்பது விதி. பில்லில் குறையிருந்தால் அந்த 14 நாள் கணக்கு தொடங்காது. ஆனால், தொழிலாளியின் சம்பள நாள் காத்திருக்காது. ஆகவே, குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு வேண்டும். தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் திட்டம் இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்றே உள்ளது.

உபகுத்தகை எடுப்பவர்கள் எதையும் எழுத்தில் வாங்க வேண்டும். கட்டுமானத் துறையில் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள சிப்பா சட்டம், "எனக்கு வந்ததும் உனக்குத் தருகிறேன்" என்ற நிபந்தனையைச் செல்லாததாக்குகிறது. நீதிமன்றம் போகாமலே தீர்ப்பு பெற வழி செய்கிறது. ஆனால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதவருக்கு அந்தச் சட்டம் உதவாது. துப்புரவு, உணவு விநியோகம் அதில் அடங்கா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மற்ற நாடுகளில்

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டு ஆணைப்படி மத்திய அரசின் கொள்முதலில் ஒரு பங்கு சிறு நிறுவனங்களுக்கு உரியது; 2018-இல் அது 25 விழுக்காடாக உயர்ந்தது. அதில் பெண்களின் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடு. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய ஆலோசனை மையங்கள், இராணுவத்துக்கு விற்க விரும்பும் சிறு நிறுவனங்களுக்குப் பதிவு முதல் விலை எழுதுவது வரை கற்றுத் தருகின்றன. இன்று அவற்றுக்கு அபெக்ஸ் எக்சலரேட்டர்ஸ் என்று பெயர்.

இங்கே 2025 ஆகஸ்டில் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. முடிவில் திருப்தியில்லாதவர் மேல்முறையீடு செய்ய ஒரு நடுவர் மன்றம் அதில் இடம்பெறுகிறது. ஆனால், மேல்முறையீடு செய்ய முதலில் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்கும் முன்னே பதிந்திருக்க வேண்டும்.

ஆலயமும் இயக்கமும் நடத்தும் நம் சமுதாயம், சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ வாரம் ஒரு மாலை, கணினி தெரிந்த இரண்டு இளைஞர்களை அமர்த்தி இந்தப் பாரங்களை நிரப்பித் தரலாமே! புல் வெட்டும் கைக்குச் சொந்தப் பெயரில் ஒரு பதிவு எண் கிடைத்தால், பேரனாவது குத்தகையாளரின் பேரன் என்று சொல்லிக்கொள்வான்.