நன்செய் வாங்குமுன் இரு பருவம் பார்த்தல்

நன்செய் நிலம் கிரயம் பெற விரும்புவோர் பலர் பத்திரத்தை ஆராயும் அளவிற்கு மண்ணையும் நீரையும் ஆராய்வதில்லை. காரைக்கால் காவிரிப் பாசனத்தின் கடைமடை. இங்கே பத்திரம் குறைவற்றதாயினும், பாய்ச்சலும் வடிகாலும் அற்ற நிலம் உடையவருக்குச் சுமையேயாகும்.

முதலாவது, பாய்ச்சல். அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு முதலியவற்றின் நீர் மேல்மடை வயல்களைக் கடந்தே இப்பகுதியை அடைகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கியது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை மாற்றவில்லை. ஆயினும் வயலுக்கு நீர் தருவது கிளை வாய்க்காலே. அஃது எவர் வயல் வழியே வருகிறது, எத்தனை பேருக்குப்பின் முறை கிட்டுகிறது என்பவற்றை அண்டை வயல்காரரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, வடிகால். ஐப்பசி, கார்த்திகை மழையில் சமதளமான களிமண் வயல்களில் நீர் தேங்கும். கடல் ஏற்றமும் முகத்துவாரத்தில் வடிகால் நீரைத் தடுக்கும். ஆகவே பெருமழைக்குப்பின் நீர் எத்தனை நாள் நிற்கிறதென்று நேரில் காண்க. வைகாசியில் மட்டும் பார்த்து வாங்கியவர் கார்த்திகையில் வருந்துவர்.

மூன்றாவது, உப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலோர வயல்களில் உவர்நீர் புகுந்தது. கோடையில் உப்பு மேலெழுந்து வெண்மையாய்ப் பூக்கும். அப்பொழுதே பல இடங்களில் அரையடி ஆழத்து மண்ணும், கிணற்று நீரும் எடுத்துப் பரிசோதிப்பிக்க. மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமனுக்கு மேற்பட்டால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். ஜிப்சம் களருக்கே மருந்து. வெறும் உப்பிற்கு நன்னீரும் வடிகாலுமே மருந்தாம்.

இவற்றின் பின்னரே பத்திரம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம் நடந்தமையால் பழைய பத்திரங்கள் சில பிரெஞ்சு மொழியில் இருக்கும். நில அளவும் ஹெக்டேர், ஆர், சென்டியார் கணக்கில் வரும். ஓர் ஆர் 100 சதுர மீட்டர். 100 ஆர் ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 2.47 ஏக்கர். குழியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடுவதால் வாய்மொழிக் கணக்கை நம்பாது, அளவைப் பதிவோடு ஒப்பிடுக. குத்தகைதாரர் எவரேனும் பயிரிடுகின்றனரா என்பதையும் விசாரிக்க. அவர்தம் உரிமையை 1970-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.

கோடையில் ஒருமுறையும் மழையில் ஒருமுறையும் நிலத்தைக் கண்டபின் முன்பணம் கொடுப்பவர் நஷ்டமடைதல் அரிது.